கவனிக்காமல் விட்ட ராக் பாட்டுகள்: எதைக் கேட்பது, எந்தப் பதிப்பில் கேட்பது

கவனிக்காமல் விட்ட ராக் பாட்டுகளைப் பரிந்துரைக்கும்போது, பாட்டுப் பெயரைப் போட்டு "செம, கேளுங்க" என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள். எந்த வருடம், எந்த மிக்ஸ் (குரலையும் கருவிகளையும் சேர்த்த ஒலிக்கலவை), காதை எங்கே வைக்க வேண்டும், வந்த காலத்தில் ஏன் ஓடவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பழைய ராக் பாட்டுகளைப் பலர் தப்பான பதிப்பில் ஒருதடவை கேட்டுவிட்டு ஒதுக்கிவிடுகிறார்கள். அது பாட்டின் குற்றம் இல்லை.

முதலில் த ஸோம்பீஸ் குழுவின் 'கேர் ஆஃப் செல் 44'. இது இடம்பெற்ற 'ஒடெஸி அண்ட் ஆரக்கிள்' ஆல்பத்தின் பெரும்பகுதி 1967இல் லண்டன் அபே ரோடு ஸ்டுடியோவில் பதிவானது. பீட்டில்ஸ் 'சார்ஜென்ட் பெப்பர்' முடித்துவிட்டுப் போன இடம் அது, ஒலிப்பதிவு மெஷினும் அதே நாலு டிராக் (நாலு தனித் தடம்) மெஷின்தான். பீட்டில்ஸ் அங்கே விட்டுப்போன மெலோட்ரான் என்ற கீபோர்டைத்தான் ஸோம்பீஸின் ராட் ஆர்ஜென்ட் எடுத்து வாசித்தார். மெலோட்ரானில் ஒவ்வொரு கட்டைக்கும் தனியாக ஒரு நாடாத் துண்டு ஓடும். ஒரு கட்டையை அழுத்தினால் எட்டு வினாடிபோலத்தான் சத்தம் வரும், அப்புறம் விட்டுத்தான் அழுத்த வேண்டும். அதனால்தான் அந்த வயலின் போன்ற ஒலி நீளமாக இழுபடாமல் மாறிக்கொண்டே இருக்கிறது.

சிறையிலிருந்து வெளிவரப்போகும் காதலிக்கு எழுதும் கடிதம்தான் பாட்டு. மெட்டில் சோகத்தின் சாயல்கூடக் கிடையாது. முதல் தடவை கேட்கும்போது கிறிஸ் வைட்டின் பேஸ் கித்தாரை மட்டும் பின்தொடருங்கள். அது தாளத்துக்குத் துணையாக நிற்காமல் தனியாக ஒரு மெட்டையே பாடிக்கொண்டு போகும். இரண்டாம் தடவை, வார்த்தையே இல்லாமல் வரும் கூட்டுக்குரல்களை.

1967 நவம்பரில் சிங்கிளாக (தனிப்பாட்டுத் தட்டாக) வந்து இது கண்டுகொள்ளப்படாமல் போனது. டிசம்பரில் குழு கலைந்தது. ஆல்பம் 1968 ஏப்ரலில்தான் கடைக்கு வந்தது, மேடையில் பாடக் குழுவே இல்லை. அமெரிக்க இசைக்கலைஞர் அல் கூப்பர் வற்புறுத்தியதால் அமெரிக்காவில் வெளியானது. அதிலுள்ள 'டைம் ஆஃப் த சீசன்' 1969இல் அங்கே மூன்றாம் இடம் வரை ஏறியது. அந்த இடைவெளியில் அமெரிக்காவில் போலி ஸோம்பீஸ்கள் ஊர் ஊராகக் கச்சேரி செய்தார்கள். அப்படி ஒரு போலிக் குழுவில் இருந்த இருவர்தான் பின்னாளில் ஸீ ஸீ டாப் என்ற ராக் குழுவில் வாசித்தவர்கள்.

* * *

அதே ஆல்பத்தில் 'திஸ் வில் பி அவர் இயர்' கேட்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஆல்பம் முதலில் மோனோவாகத்தான் (இரண்டு காதிலும் ஒரே ஒலி) மிக்ஸ் ஆனது. கம்பெனி பிறகு ஸ்டீரியோ (இடம் வலம் பிரிந்த ஒலி) கேட்டதும் ஆர்ஜென்டும் வைட்டும் சொந்தக் காசைப் போட்டு அதைச் செய்தார்கள். ஆனால் இந்தப் பாட்டின் ஹார்ன்கள் (ஊதுகருவிகள்) மல்டி டிராக் நாடாவில், அதாவது ஒலிகள் தனித்தனித் தடங்களில் இருக்கும் மூல நாடாவில், இல்லை. மோனோ மிக்ஸ் செய்யும்போது நேராக அதன்மேல் ஏற்றியவை. எனவே ஹார்னோடு உண்மையான ஸ்டீரியோ என்று ஒன்று இருக்க வழியில்லை. பழைய ஸ்டீரியோ எல்.பி.யில் இருப்பது மோனோவை இரண்டாகப் பிரித்துக் காட்டும் செயற்கை ஸ்டீரியோ. பின்னால் வந்த நிஜ ஸ்டீரியோவில் ஹார்ன் இருக்காது.

கண்டுபிடிக்க: ஹெட்ஃபோனில் இடது காதை மட்டும் கேளுங்கள், பிறகு வலதை மட்டும். இரண்டிலும் எல்லாக் கருவிகளும் ஒரே அளவில் இருந்தால் மோனோ. ஒரு பக்கம் கார்ர் என்று கூர்மையாகவும் மறுபக்கம் மந்தமாகவும் அதே சத்தம் வந்தால் செயற்கை. இந்தப் பாட்டுக்கு மோனோதான் சரி.

'புட்சர்ஸ் டேல்' பாட்டையும் விடாதீர்கள். முதல் உலகப் போர் முனையில் நிற்கும் ஒரு கசாப்புக்காரன் பாடுவதாக அமைந்தது. காலால் மிதித்துக் காற்றடிக்கும் ரீட் ஆர்கன் கூட வருகிறது, நம் ஹார்மோனியத்தின் உறவுக்காரன். இதையா அமெரிக்காவில் சிங்கிளாகப் போட்டார்கள்! வியட்நாம் போர்க் காலத்தில் எடுபடும் என்று கணக்குப் போட்டிருக்கலாம், எடுபடவில்லை.

* * *

அபே ரோட்டில் ஸோம்பீஸுக்கு ஒலிப்பதிவு செய்தவர்களில் ஜெஃப் எமெரிக்கும் ஒருவர். அவர் கைபட்ட இன்னொரு அநாதைப் பாட்டு: கிறிஸ் பெல்லின் 'ஐ ஆம் த காஸ்மாஸ்'.

அதற்கு முன் பெல் இருந்த பிக் ஸ்டார் குழு பற்றித் தெரிய வேண்டும். மெம்ஃபிஸ் நகரம், ஆர்டென்ட் ஸ்டுடியோ, 1972. அலெக்ஸ் சில்டன், கிறிஸ் பெல், ஆண்டி ஹம்மல், ஜோடி ஸ்டீஃபன்ஸ் நால்வரும் போட்ட '#1 ரெக்கார்ட்' ஆல்பத்தைப் பத்திரிகைகள் கொண்டாடின. கடையில் தட்டு இல்லை. விநியோகம் ஸ்டாக்ஸ் கம்பெனி கையில். அது கறுப்பினரின் சோல் இசைக்குப் பேர்போனது, வெள்ளைக்காரப் பையன்களின் கித்தார் பாப்பை எந்தக் கடைக்கு அனுப்புவது என்று அதற்குப் பிடிபடவில்லை. பிறகு ஸ்டாக்ஸ், கொலம்பியா என்ற பெரிய இசைத்தட்டுக் கம்பெனியோடு ஒப்பந்தம் போட, பழைய சில்லறை விநியோகஸ்தர்களும் கழன்றார்கள். விமர்சனம் படித்துவிட்டுக் கடைக்கு ஓடியவன் வெறுங்கையோடு திரும்பினான். பெல் மனமுடைந்து விலகினார். 1974இல் வந்த 'ரேடியோ சிட்டி'க்கும் அதே கதி.

அந்த இரண்டாவது தட்டிலுள்ள 'செப்டம்பர் கர்ல்ஸ்' மூன்று நிமிடம்கூட இல்லை. கித்தார் வேண்டுமென்றே கூர்மையாகப் பதிவானது. ஈக்வலைஸரில் டிரெபிள் ஏற்றி வைத்திருப்பவர்கள் அதைச் சமநிலைக்குக் கொண்டுவந்துவிட்டுக் கேளுங்கள், இல்லையென்றால் காது கூசும். ஸ்டீஃபன்ஸின் டிரம்ஸ் நிரப்பல்களைக் கவனியுங்கள். ஒவ்வொரு வரி முடியும்போதும் பாட்டை அடுத்த வரிக்குத் தள்ளிவிடுவது அவர்தான். 1986இல் த பேங்கிள்ஸ் குழுவினர் இதைத் திரும்பப் பாடினார்கள். நன்றாகத்தான் பாடினார்கள், ஆனாலும் அசல் அசல்தான்.

இப்போது பெல். 'காஸ்மாஸ்' பாட்டு மெம்ஃபிஸில் பதிவாகி, லண்டன் ஏர் ஸ்டுடியோவில் எமெரிக் கையால் மிக்ஸ் ஆனது. வருடக்கணக்கில் கிடந்து 1978இல்தான் சிறு லேபிள் (இசைத்தட்டுக் கம்பெனி) ஒன்று சிங்கிளாகப் போட்டது. மறுபக்கம் 'யூ அண்ட் யுவர் சிஸ்டர்'. அதில் பின்னணிக் குரல் பழைய கூட்டாளி சில்டன். அதே ஆண்டு டிசம்பர் 27 அன்று பெல் கார் விபத்தில் இறந்தார், வயது 27. ஆல்பமாக வந்தது 1992இல்.

அந்த ஆல்பத்தில் 'காஸ்மாஸ்' இரண்டு தரம் இருக்கிறது. 'ஸ்லோ வெர்ஷன்' என்று போட்டிருப்பது கூடுதல் சரக்கு, அதில் தொடங்காதீர்கள். முதலில் உள்ளதைக் கேளுங்கள். பாடகர் தன்னைத்தானே தேற்றிக்கொள்ளும் முதல் வரியிலேயே கித்தார்கள் அடுக்கடுக்காக மேலே விழும். குரல் அவற்றுக்குள் கொஞ்சம் புதைந்துதான் இருக்கும். உங்கள் இயர்போனில் கோளாறு இல்லை, மிக்ஸே அப்படித்தான்.

* * *

சில்டன் பேர் வந்ததால் சொல்கிறேன். த ரீப்ளேஸ்மென்ட்ஸ் குழு, 'லெஃப்ட் ஆஃப் த டயல்', 1985, 'டிம்' ஆல்பம். (இவர்கள்தான் 1987இல் 'அலெக்ஸ் சில்டன்' என்ற பேரிலேயே ஒரு பாட்டுப் போட்டவர்கள், அதுவும் ஆர்டென்ட் ஸ்டுடியோவிலேயே பதிவு செய்து.) அமெரிக்காவில் எஃப்.எம். வரிசையின் 88 முதல் 92 வரையிலான பகுதி வணிகமல்லாத நிலையங்களுக்கு ஒதுக்கியது. கல்லூரி வானொலிகள் எல்லாம் அங்கேதான், அதாவது டயலின் இடது ஓரத்தில். இன்னொரு குழுவில் பாடும் ஒரு பெண்ணை அந்த ஓரத்தில்தான் ரேடியோவில் பிடிக்க முடியும் என்பது பாட்டு.

பிரச்சினை மிக்ஸில். ரமோன்ஸ் குழுவின் முதல் டிரம்மர் டாமி எர்டெல்யி தயாரித்தது. 1985 மிக்ஸில் டிரம்ஸ் தகர டப்பாபோல், பேஸ் எங்கே என்று தேட வேண்டும், எல்லாவற்றின் மேலும் எதிரொலி. 2023இல் எட் ஸ்டேசியம் மூல நாடாக்களிலிருந்து புதிதாக மிக்ஸ் செய்தார். 'லெட் இட் ப்ளீட் எடிஷன்' என்ற பேரில் கிடைக்கும். டாமி ஸ்டின்சனின் பேஸ் அதில்தான் முதன்முறையாக உடம்போடு வருகிறது.

ரீமாஸ்டர் வேறு, ரீமிக்ஸ் வேறு என்பதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ரீமாஸ்டரில் முடிந்துபோன இரண்டு சேனல் கலவையின் சத்த அளவையும் தொனியையும் மட்டும்தான் தொட முடியும். புதைந்த பேஸைத் தனியாகத் தோண்டி எடுக்க வேண்டுமென்றால் மல்டி டிராக் நாடாவுக்கே போக வேண்டும், அது ரீமிக்ஸ். 'டிம்' ஆல்பத்தின் பழைய ரீமாஸ்டரை வாங்கிவிட்டு "பெரிய வித்தியாசம் இல்லையே" என்பவர்களுக்கு இதுதான் பதில்.

* * *

எல்லாரும் அமெரிக்கா, இங்கிலாந்து என்றே போகிறீர்களே, ஜாம்பியா பக்கம் வாருங்கள்.

1964இல் சுதந்திரம் பெற்ற நாடு, செம்புச் சுரங்கக் காசு, கித்தார் வாங்கிய இளைஞர்கள். வானொலியில் 95 சதவீதம் உள்நாட்டு இசைதான் ஒலிக்க வேண்டும் என்று அதிபர் கவுண்டா உத்தரவிட்டார். எழுபதுகளில் ஹெண்ட்ரிக்ஸ், டீப் பர்ப்பிள் கேட்டு வளர்ந்த பையன்கள் தங்கள் தாளத்தோடு சேர்த்து வாசித்ததுதான் ஜாம்ராக்.

முதலில் அமனாஸ் குழுவின் 'காலா மை ஃபிரெண்ட்', 1975, 'ஆஃப்ரிக்கா' ஆல்பம். பிரிவைப் பற்றிய மெதுவான பாட்டு. இரண்டு கித்தார்கள், ஒன்று சுத்தமாக, ஒன்று கரகரப்பாக. இந்த ஆல்பத்துக்கு இரண்டு மிக்ஸ் உண்டு. ஒன்று எதிரொலி இல்லாமல் வறண்டு, அறைக்குள் பக்கத்திலிருந்து பாடுவதுபோல். இன்னொன்றில் ரிவெர்ப் (எதிரொலி) தாராளம். நவ்-அகெய்ன் லேபிளின் இரட்டை எல்.பி.யில் இரண்டுமே கிடைக்கும். இந்தப் பாட்டுக்கு வறண்டதே சரி என்பது என் கட்சி. ஃபஸ் கித்தார் (கரகரப்பாக்கிய கித்தார்) முழங்கும் 'ஹிஸ்டரி ஆஃப் மேன்' போன்றவற்றை ரிவெர்ப் மிக்ஸிலும் கேட்டுப் பார்க்கலாம்.

அடுத்து விட்ச் குழு, 'ஸ்ட்ரேஞ்ச் ட்ரீம்', 1975, 'லேஸி போன்ஸ்' ஆல்பம். பாடகர் இம்மானுவேல் சாண்டா, மிக் ஜாகரை நினைத்து 'ஜகாரி' என்ற பட்டப்பெயரோடு வலம்வந்தவர். ஃபஸ் பிடிக்காதவர்கள்கூட இதில் மாட்டிக்கொள்வார்கள். கனமாக வேண்டுமென்றால் பால் ங்கோசியின் ங்கோசி ஃபேமிலி, 'டே ஆஃப் ஜட்ஜ்மென்ட்', 1976. கித்தார் பெடலை முழுக்கத் திருகி வைத்த ஒலி.

ஏன் காணாமல் போனது? எழுபதுகளின் நடுவில் செம்பு விலை விழுந்தது. சுற்றிலும் ரொடீஷியா (இன்றைய ஜிம்பாப்வே), அங்கோலா, மொசாம்பிக் என்று போர், ஊரடங்கு, அதனால் கச்சேரிகள் பகலுக்கு மாறின. பின்னால் எய்ட்ஸ் பல இசைக்கலைஞர்களைக் கொண்டுபோனது. எல்லா ஆல்பங்களுக்கும் மூல நாடா மிஞ்சவில்லை. மறுபதிப்பில் சரசரப்பு கேட்டால் அது பழைய எல்.பி.யின் தடம், அதைக் குறைக்கிறேன் என்று டிரெபிளை இறக்கினால் சிம்பலும் போய்விடும். அப்படியே விடுங்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் 'வெல்கம் டு ஜாம்ராக்' தொகுப்பின் இரண்டு பாகங்களையும் எடுங்கள். ஜகாரி இன்னும் பாடுகிறார், 2023இல் விட்ச் பெயரில் 'ஸாங்கோ' வந்தது.

* * *

சுருக்கமாக ஒன்று. டெத் என்ற குழு, 'பாலிடீஷியன்ஸ் இன் மை ஐஸ்'. டெட்ராய்ட்டின் கறுப்பினச் சகோதரர்கள் மூவர்: டேவிட், பாபி, டானிஸ் ஹாக்னி. 1975 பதிவு. இசைத்தட்டுக் கம்பெனித் தலைவர் கிளைவ் டேவிஸ், இவர்கள் குழுவின் பெயரை மாற்றச் சொன்னார், டேவிட் மறுத்தார். 1976இல் சொந்தமாக 500 தட்டு அடித்தார்கள், அத்தோடு சரி. 2009இல் டிராக் சிட்டி லேபிள் ஏழு பாட்டுகளையும் ஆல்பமாகப் போட்டபோது டேவிட் உயிரோடு இல்லை. பங்க் (வேகமான, முரட்டு ராக்) என்ற சொல் பரவும் முன்பே இந்த வேகம். ஸ்ட்ரீமிங்கில் 2009 என்று வருடம் காட்டும், நம்பாதீர்கள். அங்கே வருவது பல சமயம் மறுபதிப்பின் வருடம். பேரும் பொதுச்சொல் என்பதால் தேடினால் புளோரிடாவின் டெத் மெட்டல் குழுதான் முதலில் வரும், பாட்டுப் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள்.

* * *

டெலிவிஷன் குழுவின் 'மார்க்கீ மூன்' (1977) கவனிக்கப்படாத பாட்டா என்று சண்டைக்கு வருவீர்கள். சரி, பாட்டைத் தெரியும், கடைசி நாற்பது வினாடி பலருக்குத் தெரியாது. அசல் எல்.பி.யில் 9 நிமிடம் 58 வினாடியில் சத்தத்தைக் குறைத்து முடித்துவிட்டார்கள். உச்சத்துக்குப் போன கித்தார்கள் அடங்கி, தொடக்க ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கித்தார் துணுக்கு) திரும்பி வந்து பாட்டு முறையாக முடிவது அதற்கு அப்புறம்தான். 2003 மறுபதிப்பில் முழுசாக இருக்கிறது. அதே குறுவட்டில் அவர்களுடைய முதல் சிங்கிள் 'லிட்டில் ஜானி ஜுவல்' (1975) கூடுதலாக உண்டு. தட்டில் பாதியில் வெட்டி இரண்டு பக்கமாகப் போட்டிருந்ததை இதில் ஒரே ஓட்டமாகக் கேட்கலாம். 'மார்க்கீ மூன்' ஓடும் நேரம் பத்து நிமிடத்தைத் தாண்டுகிறதா என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள்.