ஞானஸ்நானப் பதிவேட்டில் கொள்ளுத்தாத்தா பெயர் இல்லை: அடுத்து எங்கே தேடுவது?

தேடும்பேரன்: வணக்கம். எங்கள் கொள்ளுத்தாத்தா ராயப்பனின் பெற்றோர் யாரென்று அறிய முயல்கிறேன். பங்குக் கோயிலின் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டில் அவர் பெயரே இல்லை. எங்கள் கிராமத்தின் பழைய வரிக் கணக்கில் ஒரு ராயப்பன் இருக்கிறார். ஆனால் ஆண்டு 1290 என்று போட்டிருக்கிறது. அடுத்த மாதம் குடும்ப விழா, விரைவில் உதவுங்கள்.

வயல்வரப்பு: எந்த ஊர், எந்த மறைமாவட்டம், அவர் ஏறத்தாழ எப்போது பிறந்தார்? இவை தெரியாமல் யாரும் எதுவும் சொல்ல இயலாது.

பழங்கணக்கு: 1290 என்பது பசலி ஆண்டு, அதாவது நிலவரிக் கணக்குக்கான ஆண்டு. அதனுடன் 590 கூட்டினால் 1880-81 வரும். ஆவணத்தைத் தொடும் முன் இந்த அடிப்படையையாவது கற்றுக்கொண்டு வருவது நல்லது என்று இங்கே பலமுறை எழுதியிருக்கிறேன்.

தேடும்பேரன்: தஞ்சாவூர்ப் பக்கம், கத்தோலிக்கர். பிறப்பு 1875ஐ ஒட்டி.

கோயில்மணி: அப்படியானால் பெயரை இலத்தீனில் தேடுங்கள். பழைய குருக்கள் பலர் ராயப்பனைப் பெத்ருஸ் என்றும், சின்னப்பனைப் பவுலுஸ் என்றும், அருளப்பனை யோவான்னெஸ் என்றும் எழுதினர். இன்னொன்று: தஞ்சை வட்டாரத்தில் போர்த்துகீசியப் பதுரவாதோவுக்கு (திருத்தந்தை போர்த்துகல் மன்னருக்கு அளித்த திருச்சபை நிர்வாக உரிமைக்கு) உட்பட்ட மயிலாப்பூர் மறைமாவட்டக் கோயில்களும் புதுச்சேரி, திருச்சிப் பணித்தளங்களின் கோயில்களும் அருகருகே இருந்தன, கும்பகோணம் மறைமாவட்டம் 1899இலும் தஞ்சை மறைமாவட்டம் 1952இலும்தான் உருவாயின. ஆகவே நீங்கள் பார்த்தது வேறு அதிகார எல்லைக்குரிய பதிவேடாக இருக்கலாம் என்பதே என் உறுதியான எண்ணம்.

வயல்வரப்பு: வரிக் கணக்கையும் விட்டுவிடாதீர்கள். 1875இல் பிறந்த குழந்தை 1880இல் பட்டாதாரராக இருப்பது அரிது. அது பாட்டனாராக இருக்கலாம், பேரனுக்குப் பாட்டன் பெயரை வைப்பது வழக்கம்தானே.

பழங்கணக்கு: ரயத்துவாரிக் கணக்கில், அதாவது நிலமுடையவர் அரசுக்கு நேரே வரி கட்டும் முறையின் ஏட்டில், பெயர் இருப்பது அவர் அப்போது உயிரோடிருந்தார் என்பதற்குச் சான்றாகாது. பட்டா மாற்றம் செய்யாமலே பிள்ளைகள் தீர்வை கட்டி வந்ததால், இறந்தவர் பெயர் நெடுங்காலம் நின்றுவிடுவதுண்டு.

வயல்வரப்பு: உயிரோடிருந்தார் என்று நான் எங்கே சொன்னேன்? உறவைத்தான் சொன்னேன்.

பழங்கணக்கு: உறவையும் கணக்கு காட்டாது, ஐயா. குத்தகைக்கு உழுதவரும் பண்ணையாளும் அதில் இடம்பெறவே மாட்டார்கள். உங்கள் முன்னோர் நிலமுடையவராக இருந்தாலன்றி அந்த ஏடு வீண்.

நடுவூரார்: இருவரும் திருமணப் பதிவேட்டை மறந்துவிட்டீர்கள். அதில் மணமக்களின் பெற்றோர் பெயரும் ஊரும் பெரும்பாலும் இருக்கும். மாமன் மகள், அத்தை மகள் மணங்களுக்குத் திருச்சபையின் உறவுத் தடை விலக்கு (நெருங்கிய உறவில் மணக்கத் தரும் சிறப்பு அனுமதி) தேவைப்பட்டதால், அந்தக் குறிப்பிலிருந்து இரு குடும்பங்களும் எத்தனையாம் தலைமுறையில் சேர்கின்றன என்பதையும் அறியலாம். 1908க்குப் பிந்திய மணமென்றால், ஞானஸ்நானப் பதிவின் ஓரத்திலும் அது குறிக்கப்பட்டிருக்க வாய்ப்புண்டு. பங்குத்தந்தையின் அனுமதியுடன் மணமகளின் ஊரில் முதலில் பாருங்கள். மணம் வழக்கமாக அங்கேதான் நடந்திருக்கும்.

தேடும்பேரன்: மணமகள் ஊரில் கிடைத்தது. தந்தை சவரிமுத்து. தாய் பெயர் எழுதப்படவில்லை. நன்றி.

கோயில்மணி: அந்த ஊர்க் கோயில் அப்போது மயிலாப்பூரைச் சேர்ந்ததா, புதுச்சேரியைச் சேர்ந்ததா? தயவுசெய்து அதை மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள்.