பகுதி சபையில் பேசப் பழக்க ஆள் தேவை

வணக்கம். சென்னை கண்ணகி நகரில் 12 பெண்களோடு வேலை செய்து வருகிறேன். மகளிர் குழுவில் கணக்கு எழுதுகிறவர்கள், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள். தண்ணீர் வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை என்றால் மொத்த பிளாக்கும் இவர்கள் கதவைத்தான் தட்டும். பொறுப்பெடுக்க இவர்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அதிகாரி முன் நின்றால் குரல் இறங்கிவிடுகிறது. போன மாதம் ஓர் அலுவலகத்தில், "எழுதிக் கொடுத்துட்டுப் போங்கம்மா" என்றார்கள். கொடுத்துவிட்டு வந்துவிட்டோம். ஒப்புகைச் சீட்டுகூடக் கேட்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

தமிழக அரசின் 2022 விதிகளின்படி மாநகராட்சிகளில் வார்டு குழுவும், அந்தந்தப் பகுதி மக்கள் கூடிக் குறைகளைப் பேசும் பகுதி சபையும் உண்டு. அங்கே இவர்கள் எழுந்து பேச வேண்டும்.

அதற்காக அடுத்த மாதத்திலிருந்து ஞாயிறு மாலைகளில் எட்டு வகுப்பு. மனு எழுதுவது, 10 ரூபாயில் தகவல் உரிமை விண்ணப்பம் போடுவது, 30 நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு, இவற்றை நானே நடத்திவிடுவேன். மாநகராட்சி பட்ஜெட்டில் நம் வார்டுக்கு என்ன வந்தது என்று பார்க்கத்தான் எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் ஒரு ஞாயிறு வர முடியுமா? ஓய்வுபெற்ற மாநகராட்சி ஊழியர், முன்னாள் கவுன்சிலர், யாரானாலும் சரி. மேடைப் பேச்சாக வேண்டாம், கூட உட்கார்ந்து படித்துக் காட்டினால் போதும்.

அப்புறம், அந்த இரண்டு மணி நேரம் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள இரண்டு பேர் வேண்டும். இது இல்லையென்றால் பாதிப்பேர் வரவே முடியாது. முடிந்தவர்கள் இங்கேயே சொல்லுங்கள், நானே அழைக்கிறேன்.