அப்பாவுக்கு ஸ்டென்ட்டா, பைபாஸா? வழி சொல்லுங்கள்

மதுரையில் இருக்கிறோம். அப்பாவின் இதய ரத்தக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் (குழாயை விரித்துப் பிடிக்கும் சிறு கம்பி வலை) வைப்பதா, பைபாஸ் (நெஞ்சைத் திறந்து, அடைப்பைத் தாண்டி மாற்றுக் குழாயை இணைக்கும் அறுவை சிகிச்சை) செய்வதா என்று குழம்பி நிற்கிறோம். அப்பாவுக்கு வயது 64. 15 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். இரண்டு மாதமாக மாடிப்படி ஏறினால் நெஞ்சில் பாரம், இடது தோள் வரை வலி. உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் அடங்கிவிடுகிறது. இசிஜியில் ஒன்றும் தெரியவில்லை. டிரெட்மில் பரிசோதனையைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். எக்கோவில் இதயம் சுருங்கும் திறன் 55 சதவீதம். அது இயல்பான அளவு என்பது ஒன்றுதான் ஆறுதல்.

போன செவ்வாய்க்கிழமை மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோகிராம் செய்தார்கள். இடது முன்பக்கக் குழாயில் 80 சதவீத அடைப்பு, வலது குழாயில் 90, சுற்றுக் குழாயில் 60. அப்பா மேசையில் படுத்திருக்கும்போதே, "இப்போதே ஸ்டென்ட் வைத்துவிடலாமா? பத்து நிமிடத்தில் சொல்லுங்கள்" என்றார்கள். கை நடுங்கியது. நான் கையெழுத்துப் போடவில்லை.

ஆஞ்சியோகிராம் சிடியை எடுத்துக்கொண்டு இன்னொரு மருத்துவரிடம் போனோம். சர்க்கரை நோயோடு மூன்று குழாயிலும் அடைப்பு இருந்தால் பைபாஸ்தான் நெடுநாள் பலன் தரும் என்றார் அவர். அப்பாவோ நெஞ்சைத் திறக்கவே கூடாது என்கிறார். இப்போது ஆஸ்பிரின், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின், நெஞ்சு வலித்தால் நாக்கடியில் வைக்கும் மாத்திரை ஆகியவற்றோடு நாள் போகிறது.

அடைப்பு ரத்த ஓட்டத்தை உண்மையிலேயே தடுக்கிறதா என்று மெல்லிய கம்பியால் அழுத்தத்தை அளக்கும் எஃப்எஃப்ஆர் சோதனை பற்றிப் படித்தேன். அளவு 0.80 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் தடுக்கிறது என்று பொருள். அந்த 60 சதவீத அடைப்புக்கு இதைச் செய்து பார்த்த பிறகு முடிவெடுக்கலாமா?