விண்டோஸ் 10 போட்ட பழைய லேப்டாப்: லினக்ஸுக்கு மாறலாமா, புதிதே வாங்கிவிடலாமா?

நிலாமுற்றம் கேட்டது:

வணக்கம் நண்பர்களே. அப்பா அம்மா இருவரும் பயன்படுத்தும் லேப்டாப் ஒன்று இருக்கிறது. இன்டெல் ஆறாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம், பழைய ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. அதற்கான வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டது. விண்டோஸ் 11 போடலாம் என்றால் இந்தப் பிராசசருக்கு ஆதரவு இல்லை என்று வந்து நிற்கிறது. திரை, கீபோர்டு எல்லாம் நன்றாகவே இருக்கின்றன, தூக்கிப் போட மனசே வரவில்லை.

அம்மாவுக்கு பிரௌசர், வீடியோ கால், போட்டோக்கள் இருந்தால் போதும். அப்பா எக்செல்லில் கணக்கு வைத்திருக்கிறார், தமிழில் கடிதம் அடிப்பார், எதையாவது ஸ்கேன் செய்து மெயில் அனுப்புவார். இரண்டு பேருமே டெர்மினலைத் திறந்து கமாண்ட் அடிக்கிற ஆட்கள் இல்லை. விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸைப் போட்டுக் கொடுத்தால் சமாளிப்பார்களா? இல்லை, செலவானாலும் பரவாயில்லை என்று புது லேப்டாப்பே வாங்கிவிடலாமா? விண்டோஸ், லினக்ஸ் இரண்டையும் தினமும் பயன்படுத்துகிறவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கரிசல்மண்:

எந்த ஓ.எஸ். (விண்டோஸ், லினக்ஸ் மாதிரி கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருள்) உசத்தி என்பதில் இறங்காதீர்கள், அதற்கு முடிவே கிடையாது. அவர்கள் எந்தெந்த மென்பொருளைத் திறக்கிறார்கள் என்று சில நாள் கவனியுங்கள், பாதி பதில் அதிலேயே கிடைத்துவிடும்.

அம்மாவுக்குக் கவலையே இல்லை. பயர்பாக்ஸும் குரோமும் லினக்ஸிலும் அதே மாதிரிதான் ஓடும், வீடியோ கால் பிரௌசரிலேயே நடக்கும். ஒன்று மட்டும், சில ஸ்ட்ரீமிங் தளங்கள் லினக்ஸ் பிரௌசரில் உயர் தெளிவில் படம் காட்டாது, அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அப்பா விஷயம்தான் யோசிக்க வேண்டியது. லினக்ஸில் வேர்டு, எக்செல்லுக்குப் பதிலாக வரும் இலவச மென்பொருளான லிப்ரெஆபீஸ் எக்செல் கோப்பைத் திறக்கும், கூட்டல் கழித்தல், சாதாரண பார்முலா எல்லாம் சரியாகவே வரும். ஆனால் வேர்டில் காலிப்ரியில் அடித்த கடிதத்தை லினக்ஸில் திறந்தால் அந்த எழுத்துரு அங்கே இருக்காது, அதற்குப் பதிலாக அதே அகலத்தில் செய்த கார்லிட்டோ வரும், அதனால் பத்திகள் பெரும்பாலும் இடம் மாறாமல் நிற்கும். லதாவில் அடித்த தமிழ்க் கடிதத்துக்கு அப்படி ஒரு ஜோடி கிடையாது, நோட்டோ மாதிரி வேறு எழுத்துருவில் காட்டும்போது ஒரு பக்கத்தில் இருந்தது ஒன்றரைப் பக்கத்துக்குப் போகலாம். எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோடு முறையில் அடித்ததாக இருந்தால் எழுத்து உடையாது. பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு என்றால் அந்த எழுத்துருவையும் கூடவே எடுத்துப் போக வேண்டும். தட்டச்சுக்கு ஐபஸ், எம்17என் என்ற இரண்டு உள்ளீட்டு மென்பொருளையும் போட்டால் தமிழ்99 விசைப்பலகை வந்துவிடும்.

லினக்ஸில் பல வகை உண்டு, என் தேர்வு லினக்ஸ் மின்ட், அதில் சின்னமன் என்ற திரை அமைப்போடு வரும் பதிப்பு. கீழே டாஸ்க்பார், இடது மூலையில் மெனு, விண்டோஸ் பழகிய கைக்கு அந்நியமாகத் தெரியாது. 2024-இல் வந்த மின்ட் 22-க்கு 2029 வரை அப்டேட் உண்டு. 4 ஜிபி ராம் இருந்தாலே போதும் என்கிறார்கள், உங்களிடம் இரண்டு மடங்கு இருக்கிறது. அப்புறம், எந்த ஓ.எஸ். போட்டாலும் அந்த ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு அதைவிட வேகமான எஸ்எஸ்டி சேமிப்பகத்தை மாட்டுங்கள், மெதுவாக இருப்பதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

வெண்தாமரை:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். விண்டோஸுக்குக் காசு கொடுக்கிறோம் என்றால் அது வெறும் ஓ.எஸ்.ஸுக்கான காசு இல்லை. பிரிண்டர், ஸ்கேனர், டிஜிட்டல் கையொப்பத்துக்கான யுஎஸ்பி டோக்கன் எதுவானாலும் தயாரிப்பவர்கள் முதலில் டிரைவர் (கருவியை ஓ.எஸ்.ஸோடு பேச வைக்கும் மென்பொருள்) எழுதுவது விண்டோஸுக்குத்தான். லினக்ஸில் அச்சடிப்பது இப்போது எளிது, நெட்வொர்க்கில் இருக்கும் புதிய பிரிண்டர்கள் தனி டிரைவர் இல்லாமலே வேலை செய்கின்றன. ஆனால் பழைய ஸ்கேனர் சிக்கினால் நாள் முழுக்கப் போய்விடும், அந்த நேரத்தில் அவர்கள் கூப்பிடுவது உங்களைத்தான். நீங்கள் வேறு ஊரில் இருந்தால் இதையும் சேர்த்து யோசியுங்கள்.

அதே சமயம் விண்டோஸ் 11 ஹோம் நிறுவும்போதே இணைய இணைப்பும் மைக்ரோசாப்ட் கணக்கும் கேட்கிறது, பயன்பாட்டுத் தகவலையும் அனுப்புகிறது. இது எனக்கு அறவே பிடிக்கவில்லை, காசு கொடுத்து வாங்கியவர்களை இப்படி நடத்தக் கூடாது. லினக்ஸில் மூலநிரலையே யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். விலையை விட எனக்கு அதுதான் பெரிது.

விண்டோஸ் 10-லேயே கொஞ்ச காலம் தள்ள வேண்டும் என்றால், தனிநபர்களுக்கான கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டத்தை 2026 அக்டோபர் வரை என்று மைக்ரோசாப்ட் அறிவித்தது. அதில் சேராமல் அப்டேட்டே இல்லாத விண்டோஸ் 10-இல் வங்கிக் கணக்கைத் திறப்பதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள்.

நிலாமுற்றம்:

இருவருக்கும் மிக்க நன்றி. அப்பாவின் கோப்பைப் பார்த்தேன், ஒரு தாளில் பட்டன் இருக்கிறது, அழுத்தினால் மாதக் கணக்கு தனித் தாளாக வருகிறது. யாரோ நண்பர் செய்து கொடுத்ததாம். ஸ்கேனர் பழையது, யுஎஸ்பியில் இணைப்பது. பிரௌசரில் ஓடும் எக்செல் இதற்குச் சரிப்படுமா?

கரிசல்மண்:

பட்டன் என்றால் பெரும்பாலும் விபிஏ மேக்ரோ, அதாவது எக்செல் கோப்புக்குள்ளேயே எழுதி வைத்த சிறு நிரல். பிரௌசர் எக்செல்லில் அது ஓடாது. லிப்ரெஆபீஸ் சில மேக்ரோக்களை ஓட்டும், சிலவற்றில் நின்றுவிடும், ஓட்டிப் பார்க்காமல் சொல்ல முடியாது.

நிறுவாமலே ஓட்டிப் பார்க்கலாம் என்பதுதான் இதில் நல்ல விஷயம். மின்ட்டை ஒரு பென் டிரைவில் எழுதி அதிலிருந்து லேப்டாப்பை பூட் செய்யுங்கள் (தொடங்க வையுங்கள்), டிஸ்க்கில் இருப்பதைத் தொடாமல் முழு ஓ.எஸ்.ஸும் வந்துவிடும், லிப்ரெஆபீஸும் அதிலேயே இருக்கும். கோப்பின் நகலை இன்னொரு பென் டிரைவில் வைத்துத் திறந்து, மேக்ரோ பாதுகாப்பு நிலையை மீடியத்துக்கு மாற்றி, மூடித் திரும்பத் திறந்து, பட்டனை அழுத்துங்கள். வைஃபை வருகிறதா, ஒலி வருகிறதா, மூடியை மூடித் திறந்தால் விழித்துக்கொள்கிறதா என்றும் அப்போதே பாருங்கள். ஸ்கேனரையும் செருகி ஒரு பக்கம் ஸ்கேன் செய்யுங்கள். பென் டிரைவில் ஓடும்போது எல்லாம் மெதுவாகத்தான் இருக்கும், அதை வைத்து வேகத்தை எடை போடாதீர்கள்.

பட்டனும் ஸ்கேனரும் வேலை செய்தால் தயங்காமல் மின்ட்டைப் போடுங்கள். பட்டன் நின்றுவிட்டால் அப்பாவுக்கு விண்டோஸ் 11 உள்ள லேப்டாப் வாங்குங்கள், பழையதை மின்ட்டோடு அம்மாவுக்குக் கொடுங்கள். எல்லோரையும் ஒரே ஓ.எஸ்.ஸில் உட்கார வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை.

வெண்தாமரை:

ஆமாம், அந்தச் சோதனை நல்ல வழி. பூட் அமைப்பில் கை வைப்பதற்கு முன்னால் டிஸ்க் பிட்லாக்கரில் (விண்டோஸின் டிஸ்க் குறியாக்க வசதி) பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் மீட்புச் சாவியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் திரும்ப விண்டோஸுக்குள் போகும்போது அதைக் கேட்டு நிற்கும். நிறுவும்போது டிஸ்க்கை அழித்துவிட்டுப் போடும் வழியைத் தேர்ந்தால் போட்டோக்கள் உட்பட எல்லாமே போய்விடும். அதற்கு முன்னால் பேக்கப் எடுங்கள், அதை வேறொரு கம்ப்யூட்டரில் செருகி அம்மாவின் போட்டோக்கள் சில திறக்கின்றனவா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.