போர்டு கேம் விமர்சனத்துக்கு நல்ல சேனல் இருந்தால் சொல்லுங்களேன்

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் தோ பாயோவில் இருக்கிறேன். வார இறுதியில் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு போர்டு கேம் விரிக்கிற குடும்பம் எங்களுடையது.

எதை வாங்கலாம் என்பதற்கு ஒரே ஒரு யூடியூப் சேனலைத்தான் பல வருடமாக நம்பியிருந்தேன். 'அசூல்' அவர்கள் சொல்லித்தான் வாங்கினோம். 2018இல் ஜெர்மனியின் 'ஷ்பீல் டெஸ் யாரெஸ்' (ஆண்டின் சிறந்த ஆட்டம்) விருது பெற்ற ஆட்டம் அது. விருதைப் பற்றி ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டு, இரண்டு பேர் ஆடினால் ஓடுகளை வைக்கிற வட்டத் தட்டு ஐந்து, நாலு பேர் என்றால் ஒன்பது, அதனால் ஆட்டத்தின் குணமே எப்படி மாறுகிறது என்று நிதானமாக விளக்கினார்கள். அதுதான் விமர்சனம்!

இப்போது பாதி வீடியோ இன்னும் வெளிவராத, கிக்ஸ்டார்ட்டர் இணையதளத்தில் பணம் திரட்டுகிற ஆட்டங்களைப் பற்றித்தான். எல்லாமே அருமையாம். பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று சொல்லும் பழக்கமே போய்விட்டது. புது வீடியோ வந்தாலும் திறக்கத் தோன்றுவதில்லை. மனசுக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

பல தடவை ஆடிப் பார்த்த பிறகு பேசுகிற சேனல் ஏதாவது தெரியுமா? தமிழில் இருந்தால் ரொம்ப சந்தோஷம். அம்மாவும் எங்களோடு ஆடுவார், ஆங்கிலம் வாசிக்க மாட்டார். அதனால் அட்டையில் எழுத்து இல்லாத ஆட்டங்களைப் பற்றிச் சொல்கிறவர்கள் என்றால் நல்லது.

அப்புறம், வாங்குவதற்கு முன் ஆடிப் பார்க்க விடுகிற சமூக மன்றக் குழு பக்கத்தில் இருந்தாலும் சொல்லுங்கள். பீஷான், அங் மோ கியோ வரை வரத் தயார்.