விலா எலும்பு முறிவு: நெஞ்சைத் திறக்க வேண்டி வருமா?

மதுரைக்காரன்:
மச்சான் பைக்கிலிருந்து விழுந்ததில் இடது பக்கம் நாலு விலா எலும்பு முறிந்துவிட்டது. உள்ளே ரத்தம் சேர்ந்திருக்கிறதென்று குழாய் போட்டு, கட்டிலுக்குக் கீழே பாட்டில் வைத்திருக்கிறார்கள். போட்டதும் 600 மி.லி. வந்தது. "தேவைப்பட்டால் நெஞ்சைத் திறக்கணும்" என்கிறார் டாக்டர். தங்கச்சி அழுதுகொண்டே இருக்கிறாள். எதை வைத்து முடிவு செய்வார்கள்?

செல்வி சிஸ்டர்:
தம்பி, நான் 18 வருஷம் விபத்து வார்டில் இருந்தவள். குழாய் போட்டதுமே ஒன்றரை லிட்டர் கொட்டினாலோ, மணிக்கு 200 மி.லி. வீதம் இரண்டு, நான்கு மணி நேரம் நிற்காமல் வந்தாலோ பெரும்பாலும் ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோவார்கள். பி.பி. இறங்கிக்கொண்டே போனால் அதற்கும் காத்திருக்க மாட்டார்கள். முக்கால்வாசிப் பேருக்குக் குழாயே போதும். நாங்கள் பாட்டிலில் பிளாஸ்டர் ஒட்டி மணிக்கொரு தடவை பேனாவால் கோடு போடுவோம். அந்தக் கோடுகள் நெருங்கிக்கொண்டே வந்தால் நல்லது. மூச்சு விடும்போது குழாயில் தண்ணீர் ஏறி இறங்கும், பயப்படாதீர்கள். பாட்டிலை மட்டும் நெஞ்சுக்கு மேலே தூக்கக் கூடாது. ஒருமுறை எக்ஸ்ரேக்குப் போகும்போது ஒரு பெரியவர் அதை நோயாளியின் மேலேயே வைத்துவிட்டார், ஓடிப்போய் இறக்கினேன்.

மதுரைக்காரன்:
கோடு பார்த்தேன் அக்கா. கடைசி மூணு மணி நேரத்தில் மொத்தமே 90 மி.லி.தான்.

பழைய புல்லட்:
எனக்கும் 5 நாள் குழாய் இருந்தது. வலிக்குப் பயந்து இருமாமலே கிடந்தேன், சளி கட்டி நிமோனியா ஆகிவிட்டது. தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமச் சொல்லுங்கள்.