ஒரே லேப்டாப்ல ரெண்டு லைட் சாஃப்ட்வேர், இப்போ ரெண்டுக்குமே டாங்கிள் தெரியல

ஷார்பி பையன்:
அண்ணன்மாருக்கு வணக்கம். மாமாவோட லைட் செட்டுல வேலை பாக்குறேன், கல்யாண ரிசப்ஷன், கோயில் திருவிழா கச்சேரி இப்படித்தான் ஆர்டர் வரும். 12 எல்இடி பார், 4 ஷார்பி (நாலா பக்கமும் திரும்புற பீம் லைட்) இருக்கு. ஷார்பி சீன் எல்லாம் மாமா காசு குடுத்து வாங்கின ஒரு பழைய சாஃப்ட்வேர்ல வருஷக்கணக்கா போட்டு வச்சிருக்காரு, எனக்கு அது கைக்கு வரல, அதனால பாருக்கு மட்டும் க்யூஎல்சி பிளஸ்ங்கிற இன்னொரு லைட் சாஃப்ட்வேர் போட்டுக்கிட்டேன். விண்டோஸ் 10, எஃப்டி232ஆர் சிப் வச்ச சாதா டிஎம்எக்ஸ் டாங்கிள் ஒண்ணு (யூஎஸ்பியில சொருகினா லைட்டுக்கு டிஎம்எக்ஸ் கன்ட்ரோல் சிக்னல் அனுப்பும்). எந்த சாஃப்ட்வேரை முதல்ல திறக்குறேனோ அதுக்குத்தான் டாங்கிள், அடுத்தது டிவைஸ் இல்லைன்னு சொல்லிடும். சரின்னு யூடிஎம்எக்ஸ் குச்சின்னு இன்னொரு டிஎம்எக்ஸ் டாங்கிள் ஆன்லைன்ல வாங்கினேன், அதுக்கு ஜேடிக்ங்கிற டூல் வச்சு டிரைவர் போடணும்னு ஒரு வீடியோல பாத்து போட்டேன். அன்னையிலேர்ந்து பழைய டாங்கிள் ரெண்டு சாஃப்ட்வேர்லயும் காணோம், புது குச்சியும் வேலை செய்யல!! க்யூஎல்சியை ரெண்டு தடவ அழிச்சு திரும்ப போட்டாச்சு. வெள்ளிக்கிழமை கச்சேரி, மாமாகிட்ட இன்னும் வாயத் திறக்கல.

டிம்மர் ராக்:
தம்பி, ஜேடிக்ல ஆப்ஷன்ஸ் மெனுவுல லிஸ்ட் ஆல் டிவைசஸ்னு இருக்கே, அதுக்கு டிக் போட்டியா? போடும்போது ரெண்டு குச்சியும் சொருகியிருந்துச்சா? இப்போ டிவைஸ் மேனேஜரைத் திறந்து பாரு, பழைய டாங்கிள் போர்ட்ஸ் லிஸ்ட்ல காம் 3, காம் 4னு ஏதாவது நம்பரோட இருக்கா, இல்ல லிப்யூஎஸ்பி, யூஎஸ்பி டிவைசஸ்னு வேற தலைப்புக்குக் கீழ போய் உக்காந்திருக்கா?

ஷார்பி பையன்:
ஆமாண்ணே டிக் போட்டேன், ரெண்டும் சொருகித்தான் இருந்துச்சு. காம் எதுவுமே இல்ல. லிப்யூஎஸ்பிகே டிவைசஸ்னு ஒண்ணு புதுசா வந்திருக்கு, அதுக்குள்ள எஃப்டி232ஆர் யூஎஸ்பி யூஆர்ட்னு இருக்கு.

டிம்மர் ராக்:
அதேதான், நினைச்சேன். புதுக் குச்சிக்குப் போட வேண்டிய டிரைவரைப் பழைய டாங்கிள் மேல போட்டுட்ட. உன் ரெண்டு சாஃப்ட்வேரும் அந்த டாங்கிளை எஃப்டிடிஐ (அந்த எஃப்டி232ஆர் சிப் கம்பெனி) டிரைவர் வழியாத்தான் தேடும், அந்த டிரைவரே போனப்புறம் அதுங்க கண்ணுக்கு டாங்கிள் எப்படித் தெரியும். சாஃப்ட்வேரை எத்தனை தடவ அழிச்சுப் போட்டாலும் ஒண்ணும் ஆகாது. டிவைஸ் மேனேஜர்ல அது மேல ரைட் கிளிக், அன்இன்ஸ்டால் டிவைஸ், கூடவே டிரைவர் சாஃப்ட்வேரையும் டெலிட் பண்ணுன்னு ஒரு டிக் பாக்ஸ் வரும், அதை விட்டுடாதே, விட்டா திரும்ப சொருகினதும் அதே லிப்யூஎஸ்பி வந்து ஒட்டிக்கும். அப்புறம் கழட்டி சொருகு, நெட் இருந்தா விண்டோஸே பழைய டிரைவரைக் கொண்டு வந்துடும், இல்லன்னா எஃப்டிடிஐ சைட்ல சிடிஎம் டிரைவர் கிடைக்கும். காம் நம்பர் வரலைன்னா யூஎஸ்பி சீரியல் கன்வெர்ட்டர் பிராப்பர்ட்டீஸ்ல அட்வான்ஸ்டுக்குப் போய் லோட் விசிபி டிக் போட்டிருக்கான்னு பாரு.

அடுத்து டாங்கிளைக் கழட்டி தூர வச்சுட்டு யூடிஎம்எக்ஸை மட்டும் சொருகி ஜேடிக் திற. பேரை நம்பாதே, யூஎஸ்பி ஐடியைப் பாரு: 16சி0, 05டிசின்னு இருந்தா புதுக் குச்சி, 0403, 6001ன்னு இருந்தா எஃப்டிடிஐ, அதுல கையே வைக்காதே.

பழைய லைட்மேன்:
டிரைவர் சரியானாலும் முதல் பிரச்சினை அப்படியே இருக்கும். ஒரு டாங்கிளை ஒரு நேரத்துல ஒரு புரோகிராம்தான் திறக்க முடியும், ஒரே உறையில ரெண்டு கத்தி கதைதான். பழைய சாஃப்ட்வேருக்கு எஃப்டிடிஐ டாங்கிள், க்யூஎல்சிக்கு யூடிஎம்எக்ஸ்னு பிரிச்சுடுங்க. க்யூஎல்சியில இன்புட் அவுட்புட் டேப்ல எஃப்டி232ஆர் மேல இருக்கிற டிக்கை எடுத்துட்டு யூடிஎம்எக்ஸ் மேல மட்டும் வைங்க, இல்லன்னா க்யூஎல்சி முந்திக்கிட்டு அந்த டாங்கிளையும் பிடிச்சுக்கும்.

ஆமா, ரெண்டு டாங்கிள் வந்ததும் அவுட்புட்டை எப்படி லைட்டுக்குக் கொண்டு போறதா இருக்கீங்க?

ஷார்பி பையன்:
ஒய் கேபிள் ஒண்ணு சால்டர் பண்ணி வச்சிருக்கேண்ணே, ரெண்டையும் சேத்து ஒரே லைன்ல

பழைய லைட்மேன்:
ஐயையோ, அதை முதல்ல வெட்டிப் போடுங்க. டிஎம்எக்ஸ் லைன்ல பேசுறவன் ஒருத்தன்தான், மத்ததெல்லாம் கேக்குற கூட்டம். ரெண்டு டாங்கிள் ஒரே ஜோடி கம்பியில கத்தினா டேட்டா குழம்பி ஷார்பி பேய் பிடிச்ச மாதிரி ஆடும், டாங்கிளோட அவுட்புட் சிப் போனாலும் போகும். பாருக்குத் தனி லைன், ஷார்பிக்குத் தனி லைன் இழுங்க, ரெண்டு லைன் கடைசியிலயும் 2வது பின்னுக்கும் 3வது பின்னுக்கும் நடுவுல 120 ஓம் ரெசிஸ்டர். ஒரே லைன்தான் வேணும்னா ரெண்டு சிக்னலை ஒண்ணாச் சேக்குற டிஎம்எக்ஸ் மெர்ஜர் பெட்டி வாங்கணும்.

இன்னொண்ணு. பார் ஒண்ணுக்கு 7 சேனல்னு வச்சா 12க்கு 84, ஷார்பி ஒண்ணுக்கு 16 சேனல்னா 4க்கு 64, மொத்தம் 148. ஒரு யூனிவர்ஸ்ல, அதாவது ஒரு டிஎம்எக்ஸ் லைன்ல, 512 சேனல் இருக்கு. இதுக்கு எதுக்கு ரெண்டு சாஃப்ட்வேர், ரெண்டு டாங்கிள்னு எனக்குப் புரியல. சீசன் முடிஞ்சதும் மாமாவோட உக்காந்து ஷார்பி சீனையும் க்யூஎல்சிக்கு மாத்துங்க.

ஷார்பி பையன்:
அண்ணே காம் 5ன்னு வந்துடுச்சு!! டெலிட் டிக் போட்டுத்தான் வந்துச்சு, முதல் தடவ மறந்துட்டேன், நீங்க சொன்ன மாதிரியே லிப்யூஎஸ்பி திரும்ப வந்து நின்னுச்சு. யூடிஎம்எக்ஸும் ஓகே, 05டிசி பாத்துத்தான் போட்டேன். ஒய் கேபிளை வெட்டியாச்சு. இப்ப பார் நல்லா எரியுது, ஷார்பி மட்டும் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ அப்படியே நின்னுடுது, டாங்கிளைக் கழட்டி மாட்டினா ஓடுது.

டிம்மர் ராக்:
பவர் ஆப்ஷன்ஸ்ல யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் (கரண்ட் மிச்சம் பிடிக்க யூஎஸ்பியைத் தூங்க வைக்கிறது) ஆன்ல இருக்கும், டிசேபிள் பண்ணு. சார்ஜர்ல இருக்கும்போது, பேட்டரியில இருக்கும்போதுன்னு ரெண்டு இடத்துலயும்.

ஷார்பி பையன்:
பண்ணிட்டேன், முக்கால் மணி நேரமா நிக்காம ஓடுது. மாமா இப்பத்தான் வந்து எட்டிப் பாத்துட்டு, எதுக்குடா ரெண்டு குச்சின்னு கேக்குறாரு 😅